மோட்டார் சைக்கிளின் மூச்சு



மாலைப் பொழுதிலே வீதியின் கோடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. வண்டி கண்ணுக்குத் தெரியுமுன்னே அதன் முழக்கம் காதை வந்து அடைகிறது. திண்ணையில் இருந்த முதியவர் பேச்சை நிறுத்துகிறார். தொட்டிலில் உறங்கிய குழந்தை விழித்து அழுகிறது. நாய் குரைத்துக்கொண்டு படலைக்கு ஓடுகிறது. வண்டியில் இருக்கும் இளைஞனுக்கோ உள்ளம் நிறைந்த மகிழ்ச்சி. தொழிற்சாலை பூட்டி அனுப்பிய சைலென்சரைக் கழற்றிவிட்டுக் கடையில் வாங்கிய புதிய குழாய் ஒன்றை அவன் பூட்டியிருக்கிறான். ஒலி பெருகிவிட்டது, ஆகவே வலிமையும் பெருகிவிட்டது என எண்ணுகிறான். இந்த எண்ணம் சரியானதா? புகை வெளியேறும் வழியை மாற்றிய ஒருவன், எரிபொருள் உட்புகும் வழியை முன்போலவே விட்டுவைத்தால் எஞ்சினுக்கு நேர்வது யாது? அதனைச் சீர்செய்யும் முறை யாது? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

கிளிநொச்சிப் பக்கத்து இளைஞன் ஒருவனை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். தாயார் தமது கைக்காப்பை அடைவு வைத்துக் கொடுத்த பணத்தில் அவன் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினான். ஒற்றை உருளையும் காபரேற்றரும் கொண்ட நான்கடிப்பு வண்டி அது. அதில் ஏறித்தான் நாள்தோறும் வேலைக்குப் போகிறான். இலங்கையில் 2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலேதான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்து ஆண்டுகளிலே பழைய வண்டிகள் எவ்வளவு விலைப்பட்டன என்பதை நேயர்கள் அறிவார்கள். எனவே அவ்வண்டி அவனுக்கு விளையாட்டுப் பொருளன்று. குடும்பத்தின் சோறு அதிலே தங்கியிருக்கிறது.

சனிக்கிழமை அவன் புதிய குழாயைப் பூட்டினான். ஞாயிற்றுக்கிழமையே சில குறிகள் தோன்றின. அக்சிலேற்றரை மூடும்போதெல்லாம் குழாய்க்குள்ளே பட்டாசு வெடிப்பதுபோல் ஓசை எழுந்தது. மெதுவாகச் செல்லுகையில் திடீரென அக்சிலேற்றரைத் திருகினால், வண்டி ஒரு கணம் தயங்கிப் பின்னரே பாய்ந்தது. ஒரே வேகத்தில் ஓடும்போதுங்கூட யாரோ பின்னின்று இழுத்து இழுத்து விடுவதுபோல் ஆடியது. எஞ்சினின் வெப்பம் முழங்காலில் முன்னிலும் கடுமையாகச் சுட்டது. திங்கட்கிழமை சந்தியடியில் உள்ள மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றான். அவர் வயது முதிர்ந்தவர். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தார். ஓடும்போதே சோக்கைப் பாதியளவு இழுத்தார், தயக்கம் குறைந்தது. திரும்பி வந்து, “தம்பி, போற வழியைத் திறந்து விட்டிட்டாய், வாற வழியை யோசிக்கேல்லை” என்றார். அவர் கூறிய அந்த ஒரு வாக்கியத்தை விரித்துரைத்தால் அதுவே இப்பேச்சு முழுவதும் ஆகும்.

எஞ்சினுக்கும் மூச்சு உண்டு. 1876 ஆம் ஆண்டு ஜேர்மனியரான நிக்கொலாஸ் ஓட்டோ இயக்கிக் காட்டிய நான்கடிப்பு முறையே இன்றும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் வழங்குகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது உட்புகு வால்வு திறந்து, காற்றும் பெற்றோலும் சேர்ந்த கலவையை உருளை உறிஞ்சுகிறது. பிஸ்டன் மேலேறி அதனை அமுக்குகிறது. பிளக்கிலே தீப்பொறி தோன்றக் கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் மீண்டும் மேலேறும்போது வெளியேற்று வால்வு திறந்து, எரிந்த புகையைக் குழாய் வழியே போக்குகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுழலும் எஞ்சின் இவ்வாறு ஒரு செக்கனுக்கு 50 முறை மூச்சுவிடுகிறது. மூச்சை வெளிவிடும் முறை மாறினால் உள்ளிழுக்கும் முறையும் மாறும் என்பது மனித உடலுக்கு மட்டும் உரிய உண்மையன்று.

இனி, அந்த மூச்சிலே கலந்திருக்கவேண்டிய அளவைப் பார்ப்போம். ஒரு கிலோகிராம் பெற்றோல் மீதியின்றி எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். இதனைக் கொள்ளளவிலே கூறினால் வியப்பு மிகும்: ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 9000 லீற்றர் காற்று வேண்டும். எஞ்சின் தன் முழு வலிமையையும் காட்டவேண்டிய வேளையில் பெற்றோல் சற்றுக் கூடுதலாக இருத்தல் நன்று. அப்போது ஒரு பங்கு பெற்றோலுக்குப் பன்னிரண்டரை முதல் பதின்மூன்று பங்கு காற்றே பொருந்தும். பெற்றோல் குறைந்து காற்று மிகுந்த கலவையை ஐதான கலவை என்றும், பெற்றோல் மிகுந்ததைச் செறிந்த கலவை என்றும் கூறலாம். இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய பாதையிலேதான் எஞ்சின் நலமாக ஓடுகிறது. மிகுதியும் குறைவும் இரண்டும் நோயே என்று நம் முன்னோர் உடலைப் பற்றிக் கண்ட முடிவு இங்கும் பொருந்துகிறது.

இக்கலவையை ஆக்கித் தரும் கருவி காபரேற்றர். பெற்றோலைத் தாரையாகச் சிதறவிடும் காபரேற்றரை 1893 ஆம் ஆண்டளவில் அமைத்தவர் ஜேர்மனியரான வில்ஹெல்ம் மேபாக். அது தொழிற்படும் விதத்தை விளங்கிக்கொள்ளப் பூச்சிமருந்து தெளிக்கும் கைப்பம்பியை நினைத்துக்கொண்டால் போதும். பம்பியைத் தள்ளும்போது காற்று விரைந்து செல்ல, அடியிலுள்ள மருந்து சிறு குழாய் வழியே மேலேறித் தூவானமாகச் சிதறுகிறது. காபரேற்றரிலும் காற்று ஓர் ஒடுங்கிய கழுத்தினூடே விரைகிறது. விரையும் இடத்தில் அமுக்கம் குறைகிறது. குறைந்த அமுக்கம் கீழேயுள்ள மிதவைக் கிண்ணத்திலிருந்து பெற்றோலை மேலே இழுக்கிறது. அவ்வாறு ஏறும் பெற்றோலை அளந்துவிடுவது ஜெற் என்னும் சிறு பித்தளைத் துண்டின் நடுவிலுள்ள துளை. அத்துளையின் பருமனைத் தொழிற்சாலையார் மனம்போனபடி வைப்பதில்லை. தாம் பூட்டிய வடிகட்டிக்கும், தாம் பூட்டிய சைலென்சருக்கும் பொருந்துமாறு பலமுறை சோதித்தே வைக்கிறார்கள்.

சைலென்சர் என்பது ஒலியை அடக்கும் தகரப் பெட்டி மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதனிலும் ஆழமானது. வெளியேற்று வால்வு திறக்கும்போது, உயர்ந்த அமுக்கமுடைய புகை ஓர் அலையாகக் குழாயினுள்ளே ஓடுகிறது. குழாயின் திறந்த முனையை அடைந்ததும் அவ்வலை தாழ்ந்த அமுக்க அலையாக மாறித் திரும்பி வருகிறது. அது வால்வை வந்தடையும் வேளையில் இரண்டு வால்வுகளும் சிறிதளவு திறந்திருக்குமாயின், எஞ்சியிருந்த புகையை உறிஞ்சி எடுப்பதுடன் புதிய கலவையையும் உள்ளே இழுத்துவிடுகிறது. அந்த அலை வேளை தவறி வந்தால் விளைவு எதிர்மாறாகிறது. ஆகவே குழாயின் நீளமும் விட்டமும் வடிவமும் எஞ்சினின் மூச்சோடு பிணைந்தவை. ஒரு குழாய் ஒரு வேகத்தில் நன்மை செய்யும். வேறொரு வேகத்தில் தீமை செய்யும்.

இந்த உண்மையைக் கையாண்டு புகழ்பெற்றோர் உளர். கிழக்கு ஜேர்மனியில் எம்.இசற் நிறுவனத்தில் பணியாற்றிய வால்ற்றர் காடன், 1950களில் ஈரடிப்பு எஞ்சின்களின் புகைக்குழாய் அலைகளை நுணுகி ஆராய்ந்தார். முதலில் விரிந்து பின்னர் ஒடுங்கும் குழாயை அவர் செம்மைப்படுத்தினார். வெறும் 125 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள அவரது பந்தய எஞ்சின் 1961 ஆம் ஆண்டு 25 குதிரைவலுவைத் தந்தது. ஜப்பானியரான ஹிடேயோ யொஷிமுரா, ஹொண்டா நிறுவனம் 1969 இல் வெளியிட்ட நான்கு உருளை வண்டிக்கு, நான்கு குழாய்களும் ஒன்றாய் இணையும் புகைக்குழாயை 1971 ஆம் ஆண்டு பந்தயத்திலே புகுத்தினார். இவர்கள் குழாயை மட்டும் மாற்றிவிட்டு அமைந்திருந்தவர்கள் அல்லர். குழாய், காபரேற்றர், தீப்பொறி ஆகிய மூன்றையும் ஒரே முழுமையாகக் கண்டவர்கள். கடையிலே குழாயை வாங்குபவன் அவர்களது உழைப்பின் ஒரு பாதியை மட்டுமே வாங்குகிறான். மறுபாதியை அவன்தான் செய்யவேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். காற்று கூடுதலாகச் சென்றால் காபரேற்றர் பெற்றோலையும் கூடுதலாகத்தானே இழுக்கும்? பின்னர் கலவை ஏன் ஐதாகவேண்டும்? நல்ல கேள்வி. காபரேற்றர் இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் எல்லா வேகத்திலும் அதே விகிதத்தில் இழுப்பதில்லை. குழாயின் அலைகள் மாறும்போது உட்புகும் காற்றின் துடிப்பும் மாறுகிறது. உருளையில் எஞ்சிநிற்கும் பழைய புகையும் குறைகிறது. அவ்விடத்தைப் புதிய காற்றே நிரப்புகிறது. இவற்றோடு வேறொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டு முதல் புதிய மோட்டார் சைக்கிள்களுக்குப் புகைக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பின்னர் பிற நாடுகளும் அவ்வழியே சென்றன. அக்கட்டுப்பாட்டுக்கு அடங்குவதற்காகப் பல வண்டிகள் தொழிற்சாலையிலேயே சற்று ஐதான கலவையுடன் அமைக்கப்பட்டன. விளிம்பிலே நிற்பவனைச் சிறிது தள்ளினாலும் விழுவான் அல்லவா? அதுபோல, விளிம்பிலே இருந்த கலவை புதிய குழாயினால் எல்லையைக் கடந்துவிடுகிறது. குழாயோடு காற்று வடிகட்டியையும் மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். பெற்றோலை இழுக்கும் அமுக்க வேறுபாடு அதனால் மேலும் குறைகிறது.

ஐதான கலவையின் தீங்கு வெடியோசையோடு நின்றுவிடுவதில்லை. வலிமை வேண்டிய வேளையில் கலவை ஐதாக இருந்தால் எரியும் அறையின் வெப்பம் ஏறுகிறது. வெளியேற்று வால்வின் விளிம்பு கருகலாம். கலவை தானே வெடித்து எரிந்து பிஸ்டனின் தலையை அரிக்கலாம். ஈரடிப்பு வண்டியில் ஆபத்து இன்னும் விரைவாக வரும். அங்கே எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெயும் பெற்றோலோடு சேர்ந்தே உட்செல்கிறது. பெற்றோல் குறைந்தால் குளிர்ச்சியும் குறையும், மசகும் குறையும். பிஸ்டன் உருளையோடு இறுகிப் பற்றிக்கொள்ள, ஓடும் வண்டியின் பின்சில்லு அந்தக் கணத்திலேயே பூட்டிக்கொள்ளலாம். அதிற் போவது எஞ்சின் மட்டுமன்று, செலுத்துவோனின் உயிரும் போகலாம்.

அவ்வாறாயின் பெற்றோலை வாரி வழங்கிவிட்டால் நன்றல்லவா என்று கேட்பது பிழை. மிகச் செறிந்த கலவை உருளைச் சுவரின் எண்ணெயைக் கழுவி விடுகிறது. பிளக்கிலும் வால்விலும் கரியைப் படிய வைக்கிறது. நச்சுவாயுவாகிய காபனோரொட்சைட்டைப் பெருக்குகிறது. 2022 ஆம் ஆண்டு இலங்கையில் பெற்றோலுக்காக வரிசையில் நின்றவர்களும், மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் என்ற பங்கீட்டோடு நாட்களைக் கழித்தவர்களும், புகையாக வீணாகும் ஒவ்வொரு துளியின் பெறுமதியையும் அறிவார்கள்.

இனிச் சீர்செய்யும் முறைக்கு வருவோம். நமது மெக்கானிக் உடனே காபரேற்றரைக் கழற்றவில்லை. முதலில், குழாயின் இறுதி வடிவத்தை முடிவுசெய்யச் சொன்னார். புதிய குழாயின் வாயில் ஒலியைத் தணிக்கும் உட்குழல் ஒன்று வந்திருந்தது. இளைஞன் அதனைக் கழற்றி வீட்டில் வைத்திருந்தான். “அதைக் கொண்டுவந்து பூட்டு. இப்ப செற் பண்ணிப்போட்டுப் பிறகு அதைப் பூட்டினால் எல்லாம் திரும்பவும் பிழைக்கும்” என்றார். உட்குழல் வந்தது. பின்னர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தைக் கையை அண்மையில் பிடித்துப் பார்த்தார். அங்கே புகை கசிந்தது. பழைய வளையத்தையே மீண்டும் வைத்துப் பூட்டியிருந்தான். அக்கசிவினூடே வெளிக்காற்று குழாயினுள் புகும்போது, எரியாத கலவை அங்கே பற்றிக்கொள்கிறது. புதிய வளையத்தை இட்டு இறுக்கியதும் வெடியோசை பாதியாகக் குறைந்தது. காபரேற்றரை எஞ்சினோடு இணைக்கும் இறப்பரில் வெடிப்பு உண்டா, வடிகட்டி சுத்தமா, வால்வு இடைவெளி சரியா, பிளக் நல்லதா என்பவற்றையும் பார்த்துக்கொண்டார். வேறு நோய்கள் இருக்கையில் கலவையைத் திருத்த முயல்வது, காய்ச்சலின் காரணத்தை அறியாமல் மருந்து கொடுப்பது போன்றது.

காபரேற்றரில் பெற்றோலை அளந்துவிடும் பகுதிகள் ஒன்றல்ல, பல. அக்சிலேற்றர் மூடியிருக்கும் நிலையிலிருந்து கால்வாசி திறக்கும் வரை பைலற் ஜெற்றும் அதனோடு சேர்ந்த திருகும் ஆட்சி செய்கின்றன. கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை, மேலும் கீழும் அசையும் கூரிய ஊசி ஆட்சி செய்கிறது. முக்கால்வாசிக்கு மேலே மெயின் ஜெற் ஆட்சி செய்கிறது. ஒன்றின் எல்லை மற்றொன்றின் எல்லையோடு சிறிது கலந்தே இருக்கும். எனவே, குறை தோன்றுவது எஞ்சின் எத்தனை வேகமாகச் சுழலும்போது என்று பார்ப்பதிலும், அக்சிலேற்றர் எவ்வளவு திறந்திருக்கும்போது என்று பார்ப்பதே முக்கியம். கைப்பிடியில் சிறு ஒட்டுத்தாளை ஒட்டி, கால், அரை, முக்கால், முழுமை என்று கோடிட்டுக்கொண்டால் இதனை எளிதில் அறியலாம். மெக்கானிக் இளைஞனைக் கொண்டே அக்கோடுகளை இடுவித்தார். ஒரு பழைய கொப்பியையும் அவன் கையில் கொடுத்தார். “ஒண்டை மாத்து; ஓடிப் பார்; எழுதி வை. ரெண்டை ஒண்டாய் மாத்தினால் எது சுகப்படுத்தினது எண்டு கடவுளுக்குத்தான் தெரியும்” என்றார்.

மெயின் ஜெற்றிலிருந்து தொடங்குவதே வழக்கம். எஞ்சின் நன்கு சூடேறிய பின்னர், ஆளரவமற்ற நேரான இடத்தில், தலைக்கவசம் அணிந்து, முழு அக்சிலேற்றரில் சிறிது தூரம் ஓடவேண்டும். பின்னர் அக்சிலேற்றரை மிகச் சிறிதளவு மூடவேண்டும். மூடியதும் வண்டி முன்னிலும் ஊக்கமாக இழுத்தால் மெயின் ஜெற் சிறியது என்பது குறிப்பு. முழு அக்சிலேற்றரிலே தடுமாறிக் கரும்புகை கக்கினால் ஜெற் பெரியது. இளைஞனின் வண்டியில் இருந்தது 100 என்னும் எண்ணுடைய ஜெற். அங்கே அந்த எண் துளையின் விட்டத்தை மில்லிமீற்றரின் நூறிலொரு பங்குகளாகக் குறிப்பது. 105 ஐப் பூட்டினார்கள். வண்டி கனத்து ஓடியது. விட்டம் நூற்றுக்கு ஐந்து கூடினால் துளையின் பரப்பு நூற்றுக்குப் பத்துக் கூடிவிடுகிறது என்பதை மறந்துவிடலாகாது. 102 ஐப் பூட்டியபோது முழு வேகத்தில் எஞ்சின் தடையின்றி இழுத்தது. அமால் போன்ற சில காபரேற்றர்களின் ஜெற்றுகளில் உள்ள எண், ஒரு நிமிடத்தில் வடியும் அளவைக் குறிப்பது. ஆகவே ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிடுதல் தவறு. ஜெற்றின் துளையைக் கம்பியால் குத்துவதும் துளைகருவியால் பெருப்பிப்பதும் அதனிலும் பெருந்தவறு. அவ்வாறு செய்தபின் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லாமற் போய்விடும்.

அடுத்தது ஊசி. ஊசியின் தலைப்பக்கத்தில் சில வெட்டுகளும், அவற்றுள் ஒன்றில் மாட்டிய சிறு கவ்வியும் இருக்கும். கவ்வியை ஒரு வெட்டுக் கீழே இறக்கினால் ஊசி ஒரு படி மேலே நிற்கும், பெற்றோல் கூடும். கவ்வியை ஏற்றினால் ஊசி தாழும், பெற்றோல் குறையும். கவ்வி இறங்க ஊசி ஏறும் என்ற இந்த மாற்றத்திலே பலர் தடுமாறுவதுண்டு. புகைக் கட்டுப்பாட்டுக்கு அமைந்த சில ஊசிகளில் ஒரே வெட்டுத்தான் இருக்கும். அங்கே மெல்லிய வளையத் தகடு ஒன்றை அடியில் இட்டு ஊசியை உயர்த்துவார்கள். நாள்தோறும் வீதியிலே ஓடும் வண்டி பெரும்பாலும் இந்த நடுப்பகுதியிலேயே ஓடுகிறது. வேலைக்குப் போய் வருபவனுக்கு முழு வேகத்தினும் இதுவே முக்கியம். கவ்வியை ஒரு வெட்டு இறக்கியதும், இழுத்து இழுத்து விட்டதுபோன்ற ஆட்டம் இளைஞனின் வண்டியை விட்டு நீங்கியது.

இறுதியாகப் பைலற் பகுதி. இங்கே முதலில் அறியவேண்டியது திருகு இருக்கும் இடம். அது காபரேற்றரின் எஞ்சின் பக்கமாக இருந்தால் பெற்றோலை அளக்கும் திருகு. வெளியே திருகினால் கலவை செறியும். வடிகட்டிப் பக்கமாக இருந்தால் காற்றை அளக்கும் திருகு; வெளியே திருகினால் கலவை ஐதாகும். இந்த வேறுபாட்டை அறியாதவன் நோயைத் தீர்ப்பதாக எண்ணி நோயை வளர்ப்பான். சூடேறிய எஞ்சினை நிறுத்தத்தில் ஓடவிட்டுத் திருகை மெல்ல மெல்லத் திருப்பி, எஞ்சின் மிக விரைவாகவும் சீராகவும் சுழலும் இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். பின்னர் நிறுத்த வேகத்தை வேறு திருகினால் தணிக்கவேண்டும். ஒன்றரைச் சுற்றில் இருந்த திருகு இரண்டு சுற்றில் அமைந்தது. எஞ்சியிருந்த வெடியோசையும் மறைந்தது. இவ்வேலையை மூடிய கொட்டிலுக்குள் செய்தல் ஆகாது. காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இருப்பதை மூக்கு அறியுமுன்னே உயிர் போய்விடும்.

செய்தது சரியா என்பதற்குப் பிளக் ஒரு சான்று. அதன் வெண்களிமண் மூக்கு இளம் பழுப்பாக இருந்தால் நன்று. வெளிறிச் சுண்ணாம்புபோல் இருந்தால் ஐது. கரி பூசியதுபோல் இருந்தால் செறிவு. எனினும் ஈயமற்ற இக்காலப் பெற்றோல் பிளக்கிலே முன்போல் தெளிவாக நிறம் காட்டுவதில்லை. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாது, வண்டியின் நடத்தையையும் சேர்த்தே முடிவு செய்யவேண்டும். வசதியுள்ள இடங்களில், புகையில் எஞ்சியுள்ள ஒட்சிசனை அளக்கும் கருவி இதனினும் திட்டமாக உண்மையைச் சொல்லிவிடும். இடமும் கருதத்தக்கது. கடல் மட்டத்தை ஒட்டிய யாழ்ப்பாணத்தில் சீராக ஓடும் வண்டியை ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குக் கொண்டுசென்றால், அங்கே காற்றின் அடர்த்தி ஆறிலொரு பங்கு குறைவு. அதே ஜெற் அங்கே கலவையை ஏறத்தாழப் பத்திலொரு பங்கு செறிவாக்கிவிடும். வண்டி மலையிலே சோம்பினால் அது வண்டியின் குற்றமன்று.

புதிய வண்டிகள் பலவற்றில் காபரேற்றர் இல்லை. மின்கணிப்பு அமைப்பொன்று பெற்றோலை அளந்து பீச்சுகிறது. அக்சிலேற்றர் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பவற்றைக் கண்டு, முன்னரே எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்து அது அளவிடுகிறது. புகையிலுள்ள ஒட்சிசனை உணரும் உணரியும் அவற்றிற் பலவற்றில் உண்டு. பொஷ் நிறுவனம் 1976 ஆம் ஆண்டு மோட்டார்க் கார்களிலே புகுத்திய உணரியின் வழிவந்தது அது. உணரி இருப்பதால் எல்லாம் தானே சரியாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அமைதியாக ஓடும்போது அது கலவையைத் திருத்தும் என்பது உண்மை. ஆனால் அக்சிலேற்றரை முழுவதும் திறக்கும்போது பெரும்பாலான வண்டிகள் உணரியை விட்டு அட்டவணையையே பின்பற்றுகின்றன. அந்த அட்டவணை பழைய குழாயைக் கொண்டு எழுதப்பட்டது. புதிய குழாயை அது அறியாது. எனவே அட்டவணையைத் தகுந்த கருவிகளோடு அறிந்தவரைக் கொண்டு திருத்துவிக்க வேண்டும். ஜெற்றின் இடத்தில் எண்கள் வந்தனவேயன்றி, உண்மை மாறவில்லை.

இன்னொன்றும் கூறவேண்டும். இக்காலப் புகைக்குழாய்கள் பலவற்றின் உள்ளே நச்சுவாயுக்களை மாற்றும் ஊக்கி அமைப்பு உண்டு. அதனைக் கழற்றி எறிவது பல நாடுகளில் சட்டத்துக்கு முரண். எங்கும் அயலவர் மூச்சுக்குக் கேடு. இலங்கையில் 2008 ஆம் ஆண்டு தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையில் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் அளக்கப்படுகின்றன. கலவை சீரில்லாத வண்டி அங்கே தேறாது. ஒலியைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. ஒலியின் அளவு பத்து டெசிபெல் கூடினால் அதன் ஆற்றல் பத்து மடங்காகிறது; காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது. காதிலே இருமடங்கு கேட்பவன் சில்லிலும் இருமடங்கு வலிமை வந்ததாக மயங்குகிறான். மற்றெதையும் மாற்றாத சிறிய எஞ்சினில் குழாய் மட்டும் தரக்கூடிய வலிமை பெரும்பாலும் சிறிதே. சீர்செய்யாவிட்டால் அதுவும் இழப்பாக முடியும்.

நமது இளைஞனுக்கு ஈற்றில் கிடைத்தது என்ன? வண்டி பறக்கவில்லை. முன்னிலும் சற்று இலேசாக இழுத்தது, தயக்கம் இல்லை, முழங்காலைச் சுட்ட வெப்பம் தணிந்தது. ஒரு வாரத்தின் பின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், இளம் பழுப்பு. கொப்பியிலே ஒன்பது வரிகள் எழுதப்பட்டிருந்தன. கூலியைக் கேட்டபோது மெக்கானிக் ஜெற்றின் விலையையும் ஒரு நாட் கூலியையும் மட்டும் வாங்கிக்கொண்டு, பழைய 100 ஆம் இலக்க ஜெற்றைக் கடதாசியிலே மடித்து அவனிடம் கொடுத்தார். “பழைய சைலென்சரையும் எறிஞ்சு போடாதை, தம்பி. எண்டைக்காவது அதைத் திரும்பப் பூட்டினால் இதையும் பூட்டவேணும்” என்றார்.

ஒன்றோடொன்று இணைந்த பொருள்களில் ஒன்றை மாற்றுபவன், மற்றவற்றுக்கும் பொறுப்பாளி ஆகிறான். குழாயை மாற்றுவதற்குப் பணம் போதும். எஞ்சினைக் காப்பதற்குப் பொறுமையும், அளவறிந்த கையும், ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கும் நேர்மையும் வேண்டும். அன்று மாலை அந்த வண்டி அதே வீதியாலே வந்தது. திண்ணையில் இருந்த முதியவர் பேச்சை நிறுத்தவில்லை.